குதிரைக்குட்டிக்கு எந்தப் பூச்சி மருந்து

என் மகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தபோது நடுங்காத கை, குதிரைக்குட்டிக்குக் கொடுக்கும்போது ஏன் அப்படி நடுங்கியது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்கு அங்கன்வாடியில் கொடுத்தார்கள். வாங்கி, பொடித்து, வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அது என்ன மருந்து, என்ன அளவு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் எதையும் படிக்காமல் விடுகிற ஆள் இல்லை. சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

என் கணவர் ராஜபாளையத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வண்டி விடுகிறவர். சடங்கு, காதுகுத்து, சர்ச் கல்யாணம், எது வந்தாலும் போவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஆண்குதிரையும் ஒரு பெண்குதிரையும் நிற்கின்றன. பெண்குதிரை போன வருஷம் ஒரு குட்டி போட்டது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அதுவும் பெட்டைதான். நான் கல்யாணமாகி வரும்வரை குதிரையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஆனால் குட்டி விழுந்த நாளிலிருந்து அதன் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. கணவர் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அத்தைக்கு முழங்கால் வலி. வேறு யார் பார்ப்பது?

குட்டிக்கு ஐந்து மாதம் ஆகும்போது வயிறு உருள ஆரம்பித்தது. மழை முடிந்து கண்மாய்க் கரையெல்லாம் பச்சையாக இருந்த நேரம். தாயோடு மேய்ந்துவிட்டு வரும். பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்.

“நல்லா கொழுத்துருக்கே. கண்ணு பட்டுரும்,” என்று அத்தை அதன் நெற்றியில் சிலுவை போட்டார்.

எனக்கு அது கொழுப்பாகத் தெரியவில்லை. கொழுத்திருந்தால் விலா தெரியாது. இதற்கு விலா எண்ணுகிற மாதிரி தெரிந்தது. வயிறு மட்டும் பானை. முடி பளபளப்பில்லாமல் தேங்காய் நார் மாதிரி நின்றது. இடையிடையே இருமியது. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மனிதக் குழந்தையில் அதைப் பார்த்தால் பூச்சி என்று சொல்கிற நாம், குதிரையில் பார்த்தால் கொழுப்பு என்று சொல்கிறோம்.

“இது பூச்சி வயிறு,” என்றேன் கணவரிடம்.

“உனக்கு எல்லாமே நோயாத்தான் தெரியும். பாப்பாவுக்குத் தும்மல் வந்தாலே ரெண்டு டாக்டர் பார்ப்பே.”

“ரெண்டு டாக்டரும் ஒண்ணுதானே சொன்னாங்க?”

“அதான் சொல்றேன். ஒருத்தர் போதும்னு.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் மறுநாள் அவரே குட்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அன்று மாலையே அவருடைய சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்.

சின்ன மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வெள்ளை நாய் வளர்ப்பவர். எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருப்பதால், இங்கே எந்தப் பிராணிக்கு எது வந்தாலும் முதலில் நாய்க்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் நினைப்பார்கள். நாய்க்குட்டியை ஒரு கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார் சின்ன மாமா. தராசில் வைத்தால் சரியாக இருக்கும். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஊசி மருந்துக் குப்பி இருக்கும். சொறிக்கும் அதுதான், உண்ணிக்கும் அதுதான், பூச்சிக்கும் அதுதான்.

“ஐவர்மெக்டின். ஒரே ஊசி. கழுத்துத் தோலுக்கு அடியில. அம்புட்டுதான்,” என்றார்.

“குதிரைக்குப் போடலாமா மாமா?”

“மாட்டுக்குப் போடுதான், ஆட்டுக்குப் போடுதான், நாய்க்கு நானே போடுதேன். குதிரை என்ன வானத்துலருந்து வந்துச்சா?”

குப்பியை வாங்கிப் படித்தேன். மாடு, எருமை, ஆடு, செம்மறி என்று எழுதியிருந்தது. குதிரை என்று இல்லை. நாய் என்றும் இல்லைதான். அதைச் சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லவில்லை.

இதற்குள் கணவரின் நண்பர் ஒருவர், பந்தயக் குதிரை வைத்திருப்பவர், ஒரு டியூப் அனுப்பி வைத்தார். வாயில் பிதுக்கிவிடுகிற பசை. குதிரைக்கென்றே செய்தது. “இதை விட்டா மறுநாளே எல்லாம் கொத்தாச் செத்து வெளிய வரும், அம்புட்டுப் பவர்,” என்று போனில் சொன்னாராம். கணவருக்கு அது பிடித்துவிட்டது. டியூபின் அட்டையைப் படித்தேன். பாதி வேற்று மொழி. ஆங்கிலத்தில் இருந்த பகுதியில் சின்னஞ்சிறு எழுத்தில், இளம் குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. எத்தனை மாதம்வரை இளம் குட்டி என்பது எழுதியிருந்த இடத்தில்தான் அட்டை மடிந்து கிழிந்திருந்தது. இன்னொரு வரி, நாய்கள் இதை நக்காமல் பார்த்துக்கொள்ளவும் என்றது. எங்கள் கொட்டகைக்குள் சின்ன மாமாவின் நாய்கள் வராத நாளே இல்லை. குதிரைச் சாணியைத் தின்னாத நாய் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

இரண்டு மருந்தையும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, எங்கள் குட்டி பிறந்தபோது வந்து பார்த்த கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் அதற்குள் மாற்றலாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு.

“எதையும் குடுத்துறாதீங்க. முதல்ல சாணி கொண்டாங்க. காலையில போட்டது, சூடு ஆறுறதுக்குள்ள எடுத்து மூடி வச்சுக் கொண்டாங்க,” என்றார்.

மூடியுள்ள டப்பா என்று தேடினால் வீட்டில் இருந்தது ஒரு பழைய பால்கோவா டப்பாதான். பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

“எங்க போறே தாயி?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு.”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டு போறியா?”

“இல்ல... இது வேற.”

“வேறன்னா? வீட்டுல கிண்டுனதா? எம்புட்டு நெய் விட்டே? வாசம் ஒரு மாதிரியா வருதே.”

நான் டப்பாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். பெண்ணுக்குக் கருமித்தனம் என்று அவர் நினைத்திருப்பார். இறங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தார்.

டாக்டர் சாணியை உப்புக் கரைசலில் கரைத்து, வடிகட்டி, கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். “வாங்க, நீங்களே பாருங்க,” என்று நகர்ந்துகொண்டார். நான் கல்லூரியை விட்ட பிறகு அதில் கண் வைத்தது அன்றைக்குத்தான். காய்ந்த சுண்டைவற்றல் மாதிரி உருண்டை உருண்டையாக, பழுப்பு நிறத்தில், கட்டித் தோலோடு. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருந்தன.

“எல்லாம் முட்டை. உருண்டைப் புழு. ஒண்ணொண்ணும் ஒரு சாண் நீளம் இருக்கும். இந்த வயசுக் குட்டிக்குத்தான் இப்படி வரும். பெருசாக ஆக அதுவே எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கும்,” என்றார்.

நான் கொண்டுபோன இரண்டு மருந்தையும் மேசையில் வைத்தேன். அவர் ஊசிக் குப்பியை முதலில் ஒதுக்கினார்.

“இதைக் குதிரைக்குப் போடுறவங்க இருக்காங்க. பல தடவை ஒண்ணும் ஆகாது. ஆனா ஊசி போட்ட இடம் வீங்கி, அழுகிப் போன கேஸ் நான் படிக்கும்போதே பார்த்திருக்கேன். குதிரைக்குப் பூச்சி மருந்துன்னா வாய் வழியாத்தான்.”

“டியூப்?”

“மருந்து நல்ல மருந்துதான். இப்ப இந்தக் குட்டிக்குத்தான் வேண்டாம். உள்ள எம்புட்டுப் புழு இருக்குன்னு பார்த்தீங்கல்ல? பவரான மருந்து போனா எல்லாப் புழுவும் ஒரே நேரத்துல வாதம் வந்த மாதிரி விழுந்துரும். குட்டியோட குடல் எம்புட்டு அகலம்? என் விரல் ரெண்டு. அதுக்குள்ள அம்புட்டும் கயிறு திரிச்ச மாதிரி சுத்திக்கிட்டு அடைச்சுருச்சுன்னா, ஆபரேஷன் பண்ண நாம எங்க போறது?”

அந்த டியூபைப் பிரிக்காமல் விட்டதற்கு மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பின்னே, வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

அவர் சொன்னது ஃபென்பெண்டசோல். பால் மாதிரி இருக்கும் திரவ மருந்து. புழுவை அடித்துப் போடாது. தீனியைச் செரிக்கவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி போட்டுக் கொல்லும். ஒரே நாளில் கொடுக்காமல் ஐந்து நாள் பிரித்துக் கொடுக்க வேண்டும். செத்தது ஒவ்வொன்றாக வெளியே வரும். தன் பேராசிரியரிடமும் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னார். தெரியாததைக் கேட்டுச் சொல்கிற டாக்டர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

“எடை என்ன?” என்றார்.

“மாமா எண்பது கிலோங்கிறார். இவர் நூத்தம்பதுங்கிறார்.”

“ரெண்டுல எது சரின்னாலும் இன்னொண்ணு தப்பு. எடை தெரியாம நான் அளவு எழுத மாட்டேன். குறைஞ்சா புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். டேப் வச்சு நெஞ்சைச் சுத்தி அளந்து சொல்லுங்க, அதுலருந்து எடையைக் கணக்குப் போடலாம்.”

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். குட்டி ஒரு நிமிஷம் நின்றால்தானே? மூன்று முறை அளந்ததில் மூன்று விடை வந்தது. கடைசி முறை டேப்பின் நுனியைத் தின்றுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது தராசுத் தொட்டியில் படுக்க மாட்டாள், கத்தித் தீர்ப்பாள். நர்ஸ் அம்மா என்னைப் பெரிய எடை மெஷினில் பாப்பாவோடு நிற்கச் சொல்லி ஒரு முறை பார்ப்பார், பாப்பாவை வாங்கிக்கொண்டு என்னை மட்டும் நிற்கச் சொல்லி இன்னொரு முறை பார்ப்பார். கழித்தால் பாப்பா. குதிரைக்கும் அதுதானே? மெஷின்தான் பெரிதாக வேண்டும். பஞ்சு லாரிகள் ஏறி இறங்கும் எடை மேடை எங்கள் ஊரில் ஒன்றா, இரண்டா?

மறுநாள் தாயையும் குட்டியையும் நடத்திக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன அண்ணாச்சி, சாரட்டுக்கு ஓவர்லோடு கேஸா?”

“ஆமா, மாப்பிள்ளை வெயிட்டு ஜாஸ்தி,” என்றார் என் கணவர்.

கண்ணாடி அறையில் இருந்தவர் மைக்கில் கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான், பழக்கத்தில் வந்துவிட்டது. “லோடா, காலியா?”

“முதல்ல லோடு, பொறவு காலி!” என்று நான் கத்தினேன். லாரிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கேள்விக்குச் சரியான பதில் அதுதான்.

தாயும் குட்டியும் ஏறின. கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். எண் வந்தது. குட்டியை நான் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவரும் இறங்கப் போனார்.

“நீங்க இறங்காதீங்க! முதல்ல நின்ன மாதிரியே நில்லுங்க. இல்லேன்னா உங்களையும் சேர்த்துல்ல கழிச்சுருவோம்?”

“என்னைக் கழிக்கணும்னுதானே உனக்கு ஆசை,” என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

குட்டி பிரிந்ததும் தாய் கனைத்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி மிதித்தது. எண் ஏறி ஏறி இறங்கியது. “அம்மா, உங்க லோடு ஆடுது!” என்று மைக் அலறியது. குட்டியைத் தாயின் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில், மேடைக்கு வெளியே நிறுத்திப் பிடித்தேன். முகர்ந்து பார்த்ததும் தாய் அமைதியானது. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்றார்கள். அதனால் மறுபடி ஒரு முறை ஏற்றி இறக்கினோம். இரண்டு முறையும் நூற்றிருபது வந்தது. டாக்டரிடம் சொன்னேன். பத்து கிலோ முன்னே பின்னே இருந்தாலும் இந்த மருந்து தாங்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அளவை எழுதி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தோம். வியாழக்கிழமை கணவர் ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை ஏறிப் போக, வண்டி இல்லாமல் ஆண்குதிரையை மட்டும் கூட்டிக்கொண்டு சேத்தூர் போய்விட்டார். மறுநாள்தான் வருவார். அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்ததால் நான் கொட்டகைப் பக்கம் போகவே இல்லை. அத்தைதான், “நான் பாத்துக்கிடுதேன், நீ பிள்ளையைப் பாரு,” என்றார்.

விடிந்ததும் பின்கட்டுக்குப் போனால், தாய்க்குதிரை ஒரு மூலையில், குட்டி இன்னொரு மூலையில். நடுவே சாரட்டைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். தாயின் மடி கனத்து, பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டியின் முன்னால் வைக்கோல் ஒரு துரும்பு இல்லை. கட்டியிருந்த கம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. சின்ன மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விளக்கெண்ணெய்ப் பாட்டில், அலமாரியில் நான் பூட்டி வைத்திருந்த அதே வகைக் குப்பி ஒன்று புதிதாக, மருந்து ஏற்றிய ஊசி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுப்பது இப்படித்தான். முந்தின ராத்திரி பட்டினி போட வேண்டும். காலி வயிற்றில் மருந்து. பிறகு விளக்கெண்ணெய். ஒரு வீட்டிலும் இதை மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை. அத்தையும் மாமாவும் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, என்னிடம் சொல்லாமல், முறைப்படி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்கள்.

“வா தாயி. அந்தப் பால் மருந்தை அஞ்சு நாள் குடுத்து என்னத்துக்குக் கஷ்டப்படணும்? ஒரு ஊசி. பிடிச்சுக்கோ,” என்றார் சின்ன மாமா.

“வேண்டாம் மாமா.”

“ஏட்டி, அவிய முப்பது வருஷமா நாய் வளக்காவ. உனக்குத் தெரிஞ்சதா அவியளுக்குத் தெரியாமப் போச்சு?” என்றார் அத்தை.

“நாய்க்குத் தெரியும் அத்தை. இது குதிரை. ராத்திரி பூரா வெறும் வயிறா நின்னுருக்கு. பட்டினி போட வேண்டியது புழுவை. குட்டியை இல்ல.”

சின்ன மாமா ஊசியைக் கீழே வைக்கவில்லை. “டாக்டரம்மா எத்தனை குதிரைக்கு வைத்தியம் பாத்துருக்கு? கேட்டியா?”

கேட்டிருந்தேன். அதிகம் இல்லை என்று அவரே சொன்னார். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் ஆட்டித்தான் விட்டது. கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. மாமா சொல்வதே சரியாக இருந்துவிட்டால்? பல தடவை ஒண்ணும் ஆகாது என்று டாக்டரும்தானே சொன்னார்? ஆனால் முட்டைகளை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். இரண்டு விரல் அகலக் குடலை என்னால் மறக்க முடியவில்லை. மாமா அந்த முட்டைகளைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

நான் போய் சாரட்டைத் தள்ளினேன். அசையவில்லை. பிரேக் போட்டிருந்தது. பிரேக்கை எடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். குட்டி பாய்ந்து போய் மடியில் முட்டியது.

“போச்சு! வயிறு நிறைஞ்சுருச்சு. இனி மருந்து எங்க பிடிக்கும்?” என்றார் அத்தை.

“இன்னைக்கு மருந்து இல்ல அத்தை. நல்லாத் தின்னட்டும். நாளைக்கு.”

சின்ன மாமா எழுந்தார். ஊசிக்கு மூடி போட்டார். “சரி தாயி. உங்க வீட்டுக் குட்டி. ஆனா ஒண்ணு. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, படிச்ச பிள்ளை பண்ணுன வேலைன்னுதான் ஊரு சொல்லும். நான் சொல்ல மாட்டேன், ஊரு சொல்லும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அன்று முழுவதும் காதில் நின்றது.

ஒரேயடியாகப் பசியோடு தின்றால் வயிற்று வலி வரும் என்று டாக்டர் போனில் சொன்னதால், அன்று வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தேன். சனிக்கிழமை காலை முதல் வேளை. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் மருந்தை ஏற்றினேன். கோட்டைப் பார்த்தேன். டாக்டர் எழுதியதைப் பார்த்தேன். மறுபடி கோட்டைப் பார்த்தேன். நான் சொன்னேனே, கை நடுங்கியது. அதற்குள் வந்துவிட்டிருந்த கணவர் குட்டியின் தாடையைத் தூக்கிப் பிடித்தார். வாயில் வைக்கோல் இல்லாமல் விரல் விட்டுத் துடைத்துவிட்டு, கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மெதுவாக அழுத்தினேன். பாதி போனதும் தலையை ஒரு உதறு உதறியது. கொஞ்சம் என் சேலையில், கொஞ்சம் அவர் மீசையில்.

“எனக்கும் பூச்சி போயிரும்,” என்றார்.

சிந்திய அளவைக் கணக்குப் பார்த்து மறுபடி கொடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் என் உயிர் போய் வந்தது. குட்டி படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. முன்காலால் தரையைச் சுரண்டியது. அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. குட்டி செத்துப்போகும், நான் கொன்றதாகிவிடும் என்பது மட்டும்தான் இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

“உருள விடாதீங்க. மெதுவா நடத்துங்க. நடுவுல நிறுத்தி, வயித்துல காது வச்சுக் கேளுங்க. சத்தம் இருக்கா?”

காதை வைத்தேன். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. மூச்சை நிறுத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, தூரத்தில், களக் களக் என்று.

“இருக்கு மேடம்.”

“அப்ப ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நடத்துங்க. ஒரு மணி நேரத்துல சாணி போடலைன்னா சொல்லுங்க, நான் கிளம்பி வாரேன்.”

நானும் கணவரும் மாற்றி மாற்றி நடத்தினோம். செய்தி எப்படிப் போனதோ, சின்ன மாமா வந்துவிட்டார். என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, “நீ போய் பிள்ளைக்குச் சோறு குடு, நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். நான் போகவில்லை. கூடவே நடந்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பும்போது குட்டி நின்றது. வாலைத் தூக்கியது.

சாணியில் இரண்டு மூன்று வெள்ளையாக நெளியாமல் கிடந்தன. ஒரு சாண் இருக்கும், டாக்டர் சொன்னது சரிதான். சின்ன மாமா குனிந்து ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார்.

“அட கர்த்தரே,” என்றார். “இம்புட்டு நீளமா? நாய்க்குட்டிக்கு நூல் மாதிரில்ல இருக்கும்.”

அடுத்த மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. பாப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, குட்டி சேமியா போடுது,” என்று தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் பாயசம் கேட்கவில்லை. சாணியை விழுந்த உடனே அள்ளி, மூடி போட்ட தொட்டியில் சேர்த்தேன். முட்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்குமாம். கொட்டகைத் தரையைச் சுரண்டிப் புது மண் போட்டோம்.

ஐந்து நாள் மருந்தும் முடிந்த பிறகு குட்டியின் இருமல் நின்றது. வயிறு வற்றியது. முடி படிந்து, நெற்றிப் பொட்டு வெள்ளை வெளேரென்று தெரிகிறது. நான் செய்தது சரி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஊசியைத் தடுத்தது சரி. டியூபைப் பிரிக்காதது சரி. எடை பார்த்தது சரி. இதையெல்லாம் இவ்வளவு உறுதியாக நான் எழுதுவதைப் பார்த்தால் என் கணவர் சிரிப்பார்.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. போன வாரம் மறுபடி சாணி கொண்டுபோனேன். முட்டைகள் மிகவும் குறைந்திருக்கின்றன, தீர்ந்துபோகவில்லை. குட்டிக்கு இப்போது ஏழு மாதம். இரண்டாவது முறை கொடுத்தாக வேண்டும். “புழுக் கூட்டம் குறைஞ்சதால இப்ப அடைக்கிற பயம் அம்புட்டு இல்ல. அதே மருந்தும் குடுக்கலாம், வேற வகைக்கும் மாறலாம். ரெண்டுக்கும் ஞாயம் இருக்கு,” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மிஞ்சிய புழு அதற்குப் பழகிவிடுமோ என்று ஒரு யோசனை. நன்றாகக் கேட்ட மருந்தை விட்டு ஏன் மாற வேண்டும் என்று இன்னொரு யோசனை. காலையில் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, சாயங்காலம் மற்றது.

இதைப் படிக்கிறவர்களில் குதிரைக்குட்டி வளர்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டாவது முறை நீங்கள் அதே மருந்தைக் கொடுத்தீர்களா, மாற்றினீர்களா? அப்போது குட்டிக்கு என்ன வயது, எடை என்ன? கொடுத்த பிறகு சாணியைச் சோதித்தீர்களா, அதில் என்ன வந்தது? கண் மதிப்பில் சொல்வதாக இருந்தால், கண் மதிப்பு என்றே எழுதிவிடுங்கள்.